திராட்சையைக் கழுவிய நீர்



சந்தையில் வாங்கிய திராட்சைக் கொத்தைக் குழாயில் காட்டி அலசிய பிறகே பிள்ளைகளின் கையில் கொடுக்கிறோம். ஏன் கழுவுகிறோம் என்று யாராவது கேட்டால், தூசி போகட்டும், பூச்சிமருந்து போகட்டும், கிருமி போகட்டும் என்று சொல்லுவோம். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பழத்தின் தோல்மீது ஒட்டியிருக்கின்றன என்பது இன்று பள்ளிக்குச் செல்லும் சிறுபிள்ளைக்கும் தெரிந்த செய்தி. ஆனால், ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு இதைப் பெரிய மருத்துவர்களுள் பலரே ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் ஏற்கும்படி சோதனைமேல் சோதனையாக நடத்திக் காட்டியவர்களுள் முதன்மையானவர் பிரான்ஸ் நாட்டு அறிவியலாளர் லூயி பாஸ்டர். வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக நாம் அவரை அறிவோம். பாலைச் சூடாக்கிக் கெடாமல் காக்கும் முறைக்கு அவர் பெயரே வழங்குகிறது. அவர் ஒரு திராட்சைக் கொத்தைக் கழுவிய கதையை நம்மில் பலர் கேட்டிருக்க மாட்டோம். அதை இன்று சற்றுச் சிந்திப்போம்.

லூயி பாஸ்டர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், பிரான்சின் கிழக்கே டோல் என்ற ஊரில், கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழில் செய்தவர். நெப்போலியனின் படையில் பணியாற்றித் திரும்பியவர். சில ஆண்டுகளில் குடும்பம் அருகிலிருந்த ஆர்புவா என்ற சிற்றூரில் குடியேறியது. திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த அந்த ஊர்தான் பாஸ்டருக்கு வாழ்நாள் முழுவதும் சொந்த ஊராக விளங்கியது. பாரீசில் உயர்கல்வி பெற்று வேதியியலில் தேர்ந்த அவர், 1848ஆம் ஆண்டில் படிகங்களைப் பற்றிய ஆய்வினால் இளம் வயதிலேயே பெயர் பெற்றார். மறு ஆண்டு, ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மரி லோரான் என்ற பெண்ணை மணந்தார். கணவர் சொல்லச் சொல்ல எழுதியும், ஆய்வுகளைப் பற்றிக் கேட்டு அறிந்தும், அந்த அம்மையார் அவருடைய பணியில் இறுதிவரை துணை நின்றார். அவர்களுக்குப் பிள்ளைகள் ஐவர்.

1854இல் பாஸ்டர் லில் நகரில் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அங்கே பீட்ரூட் கிழங்கிலிருந்து சாராயம் வடித்த ஆலை உரிமையாளர் ஒருவர், தம் தொட்டிகளில் சரக்கு கெட்டுப்போவதாக அவரிடம் முறையிட்டார். நுண்ணோக்கியை எடுத்துக்கொண்டு ஆலைக்குள் நுழைந்த பாஸ்டர், நொதித்தலும் புளித்தலும் வெறும் வேதியியல் மாற்றங்கள் அல்ல, உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை என்ற முடிவுக்கு வந்தார். பால் புளிப்பதைப் பற்றிய அவரது ஆய்வுக் கட்டுரை 1857இல் வெளிவந்தது. ஒரு நுண்ணுயிர் மாவைப் புளிக்கவைக்கும். இன்னொன்று பண்டத்தைக் கெடுக்கும். அப்படியானால் வேறொன்று மனித உடலையும் கெடுக்கலாம் அல்லவா? இந்தக் கேள்வி அவர் உள்ளத்தில் விழுந்தது.

அதற்கு விடை கிடைப்பதற்கு முன்பே துன்பம் அவர் வீட்டுக்கதவைத் தட்டியது. 1859ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், ஆர்புவாவில் தாத்தாவின் வீட்டில் இருந்த மூத்த மகள் ழான், டைபாய்டு காய்ச்சலால் இறந்தாள். அவளுக்கு வயது ஒன்பது. 1865இல் பாஸ்டர் தம் தந்தையை இழந்தார். அதே ஆண்டில் இரண்டு வயதான கடைக்குட்டி கமீலும் நோயுற்று மறைந்தாள். அடுத்த ஆண்டு மே மாதம், தெற்கே பட்டுப்புழு நோயை ஆராய்ந்துகொண்டிருந்த தந்தையைக் காணத் தாயுடன் பயணம் செய்த செசில், ஷம்பேரி நகரில் டைபாய்டு கண்டு படுத்தாள், மீண்டும் எழவில்லை. அவளுக்கு வயது பன்னிரண்டு. ஏழு ஆண்டுகளுக்குள் மூன்று பெண்பிள்ளைகள். அவர்களுள் இருவரைக் கொண்டுபோனது ஒரே காய்ச்சல்.

டைபாய்டு எதனால் வருகிறது என்று அந்நாளில் எவருக்கும் திட்டமாகத் தெரியாது. கெட்ட காற்று என்றனர் சிலர். உடலுக்குள்ளேயே நோய் தானாக உருவாகிறது என்றனர் வேறு சிலர். நோயாளியின் மலத்தில் வெளியேறும் ஒரு பாக்டீரியா, குடிநீரிலும், கழுவாத கைகளிலும், கழிவுநீர் பட்ட பச்சைக் காய்கறிகளிலும் ஏறி அடுத்தவர் வாய்க்குள் நுழைகிறது என்று நாம் இன்று அறிவோம். அந்தப் பாக்டீரியாவை 1880இல் ஜெர்மனியின் ஏபர்ட் கண்டறிந்தார்; 1884இல் காஃப்கி அதைத் தனியே வளர்த்துக் காட்டினார். செசில் இறந்து அப்போது பதினெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

பாஸ்டர் தம் துயரத்தோடு மீண்டும் ஆய்வுக்கூடத்துக்குள் சென்றார். உயிர்கள் கெட்டுப்போன பொருளிலிருந்து தாமாகவே தோன்றுகின்றன என்ற பழைய கருத்தை எதிர்த்து, அன்னப்பறவையின் கழுத்துபோல் வளைந்த குழாயுடைய கண்ணாடிக் குடுவைகளில் அவர் சோதனை செய்தார். கொதிக்க வைத்த சாறு அவற்றில் திறந்தபடியே இருந்தும் கெடவில்லை. காற்றிலுள்ள தூசி அந்த வளைவிலேயே தங்கிவிட்டது. 1860இல் மூடிய குடுவைகளைச் சுமந்துகொண்டு மலையேறி, ஒவ்வோர் உயரத்திலும் இருபது குடுவைகளைத் திறந்து மூடினார். மலையடிவாரத்தில் எட்டுக் குடுவைகள் கெட்டன, மலைமீது ஐந்து, ஆல்ப்ஸ் பனிப்பாறையின் அருகே ஒன்றே ஒன்று. தூசி குறையக் குறையக் கிருமியும் குறைகிறது என்பது தெளிவாயிற்று.

1868ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவரைப் பக்கவாதம் தாக்கியது. அப்போது அவருக்கு வயது 45. இடது கையும் காலும் முழுவதுமாகக் குணமடையவேயில்லை. நாம் கேட்டிருக்கும் அவருடைய பெரும் சாதனைகளில் பல, இதற்குப் பின்பு, பிறர் கைகளின் உதவியோடு நிகழ்ந்தவை என்பதை நினைவில் கொள்வோம்.

இனி திராட்சைக்கு வருவோம். திராட்சைச் சாறு தானே புளித்து மதுவாகிறதே, அந்த நுண்ணுயிர் எங்கிருந்து வருகிறது? பழத்தின் உள்ளேயே இருக்கிறதா, வெளியிலிருந்து வருகிறதா? இதை அறிய பாஸ்டர் நாற்பது குடுவைகளை எடுத்தார். கொதிக்க வைத்து வடிகட்டிய தெளிந்த திராட்சைச் சாற்றால் அவற்றைப் பாதியளவு நிரப்பினார். பின்னர் ஒரு திராட்சைக் கொத்தைக் காம்போடு சேர்த்து, சிறிதளவு நீரில் மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவினார். அந்தக் கழுவிய நீரை நுண்ணோக்கியில் பார்த்தபோது, எண்ணற்ற நுண்ணுயிர்கள் அதில் மிதந்தன.

முதல் பத்துக் குடுவைகளில் எதையும் சேர்க்காமல் அப்படியே வைத்தார். இரண்டாம் பத்தில், திராட்சையைக் கழுவிய நீரில் சில துளிகள் விட்டார். மூன்றாம் பத்தில், அதே நீரைக் கொதிக்க வைத்த பிறகு சில துளிகள் விட்டார். நான்காம் பத்தில், காயம் படாத நல்ல திராட்சையின் உள்ளேயிருந்து எடுத்த சாற்றில் சில துளிகள் விட்டார். முதல், மூன்றாம், நான்காம் வரிசைகளில் சாறு தெளிந்தபடியே இருந்தது. இரண்டாம் வரிசையில் மட்டும் ஓரிரு நாள்களிலேயே பூஞ்சையும் நொதித்தலும் தொடங்கின. 1876இல் வெளியிட்ட நூலில் பாஸ்டர் இச்சோதனையை விவரித்துள்ளார்.

அதோடும் அவர் நிற்கவில்லை. 1878இல் வேறோர் அறிவியலாளரின் குறிப்புகள் இதற்கு மாறான கருத்தோடு வெளிவந்தபோது, ஆர்புவாவில் தமக்கிருந்த திராட்சைத் தோட்டத்துக்கு விரைந்தார். பழம் கனியுமுன்பே சில கொடிகளைச் சுற்றிக் கண்ணாடி அறைகள் எழுப்பினார். கொத்துகளைப் பஞ்சால் பொதிந்தார். அறுவடைக்காலத்தில் அக்கொத்துகளைப் பிழிந்தபோது, வெளித்தூசி படாத அந்தப் பழங்களின் சாறு நொதிக்கவில்லை. அவற்றைப் பாரீசுக்குக் கொண்டுசென்ற தொடர்வண்டிப் பயணத்தில், அவருடைய மனைவியும் மகளும் கொத்துகள் எதிலும் உரசாதபடி மாறி மாறிக் கையில் நிமிர்த்திப் பிடித்து வந்தார்களாம். மூன்று பிள்ளைகளைப் புதைத்த தாயின் கைகள் அவை.

திராட்சைத் தோலில் பாஸ்டர் கண்டவை பெரும்பாலும் ஈஸ்ட்டும் பூஞ்சையும்தாம். நோய் தருபவை அல்ல. ஆனால், தோட்டத்து மண்ணும் தூசியும் நுண்ணுயிர்களைச் சுமந்து வந்து நாம் உண்ணும் பொருளின் மேற்பரப்பில் அமர்த்துகின்றன என்பதை அச்சோதனை உறுதிசெய்தது. நோய்க்கிருமிக்கும் இது பொருந்தும் என்பதை அவர் அடைப்பான் நோயில் கண்டார். ஆந்த்ராக்ஸ் எனப்படும் இந்நோயால் இறந்த ஆடுகளைப் புதைத்த வயல்களில், ஆண்டுகள் கழித்தும் மேய்ந்த ஆடுகள் செத்துவிழுந்தன. புதைகுழியிலிருந்து மண்புழுக்கள் கிருமி வித்துகளை மேலே கொண்டுவருவதையும், அவை புல்லில் ஒட்டி ஆடுகளின் வாய்க்குள் செல்வதையும் 1880இல் பாஸ்டர் எடுத்துரைத்தார். இறந்த ஆடுகளைப் புதைத்த இடத்தில் மேய்க்காதீர்கள், தீவனம் வளர்க்காதீர்கள் என்று உழவர்களுக்கு அறிவுறுத்தினார்.

மருத்துவர் அல்லாத இந்த வேதியியலாளர், 1878ஆம் ஆண்டு ஏப்ரலில் பாரீஸ் மருத்துவக் கழகத்தில் அறுவை மருத்துவர்களுக்கு முன் நின்று, கருவிகளை நெருப்பில் காட்டவும், கைகளை நன்றாகக் கழுவவும், சூடாக்கிய நீரையும் துணிகளையும் பயன்படுத்தவும் வேண்டும் என்று வலியுறுத்தினார். இவருக்கு முன்பே, 1847இல், வியன்னா நகரில் செமல்வைஸ் என்ற மருத்துவர் கை கழுவுவதன் பயனைக் காட்டி, ஏளனத்துக்கு ஆளானார். அவர் சொன்னது ஏன் உண்மை என்பதற்கான விளக்கம் பாஸ்டர் போன்றோரின் ஆய்வுகளால்தான் கிடைத்தது. தம் வீட்டு உணவு மேசையிலும் பாஸ்டர் தட்டையும் குவளையையும் துடைத்துப் பார்த்தே உண்பார், பிறருடன் கைகுலுக்கத் தயங்குவார் என்று அவருடன் பழகியோர் எழுதியுள்ளனர். விருந்தினர் அதைக் கண்டு நகைத்திருக்கலாம். இரு மகள்களை டைபாய்டுக்குக் கொடுத்த தந்தையைப் பார்த்து நம்மால் நகைக்க முடியுமா?

1884இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஷம்பர்லான், கிருமிகளைத் தடுக்கும் பீங்கான் வடிகட்டியை உருவாக்கினார். குடிநீரைத் தூய்மையாக்க அது வீடுகளிலும் பயன்பட்டது. 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனைத் தாய் பாஸ்டரிடம் அழைத்துவந்தார். அவனுக்கும் வயது ஒன்பது. ழான் இறந்த அதே வயது. தடுப்பு மருந்து செலுத்தப்பட்டது, சிறுவன் பிழைத்தான். 1888இல் பாரீசில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. அந்த வழியில், 1907இல் நம் நீலகிரி மலையில் குன்னூரிலும் பாஸ்டர் நிறுவனம் எழுந்தது. நாய்க்கடிபட்ட எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அதன் தடுப்பூசிக்குக் கடன்பட்டுள்ளன.

பாஸ்டரை நாம் குறையற்றவராகக் காட்ட வேண்டியதில்லை. வாதங்களில் அவர் கடுமையாகப் பேசுவார். புகழைப் பிறருடன் பகிரத் தயங்குவார். அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகள் 1970களில் ஆய்வாளர்களின் பார்வைக்கு வந்தபோது, 1881இல் ஆடுகளுக்குப் பலரறியப் போட்ட அடைப்பான் தடுப்பூசி, அவர் பிறரை நம்பவைத்த முறையில் அல்லாமல், ஷம்பர்லானின் முறையில் செய்யப்பட்டது என்பது தெரியவந்தது. அதுபோல, தொடர்வண்டியில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த முதியவரை ஓர் இளைஞன் கேலி செய்ய, அம்முதியவர்தான் பாஸ்டர் என்று முடியும் கதையை நாம் மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால், 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், பாரீசுக்கு அருகே தம் படுக்கையில், ஒரு கையில் திருச்சிலுவையையும் மறு கையில் மனைவியின் கையையும் பற்றியபடி அவர் உயிர்நீத்தார் என்பது பதிவாகியுள்ளது. அவரது அடக்கத் திருச்சடங்கு பாரீஸ் நோத்ரு தாம் பேராலயத்தில் நடைபெற்றது. இவை போதும், கதைகள் நமக்குத் தேவையில்லை.

அன்பர்களே, அந்த நாற்பது குடுவைகளை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். அவை இன்றும் நம் சமையலறைக்குப் பாடம் சொல்லுகின்றன.

கழுவிய நீர் விட்ட குடுவைகள் கெட்டன. அப்படியென்றால், பழத்திலிருந்த கிருமி நீரோடு இறங்கி வருகிறது. கழுவுவது வீண்வேலை அன்று. ஆனால், இறங்கிய கிருமி அந்த நீரிலேயே உயிரோடு இருக்கிறது. ஒரே பாத்திரத்து நீரில் கீரையையும் தக்காளியையும் மல்லித்தழையையும் ஒன்றன்பின் ஒன்றாக முக்கி எடுத்தால், ஒன்றிலிருந்தது மற்றதற்கும் ஏறும். எனவே ஓடும் நீரில் அலசுவதே நல்லது. ஓடும் நீர் இல்லாத வீட்டில், நீரை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியே கழுவலாம். மஞ்சளும் உப்பும் இட்டு ஊறவைக்கும் வழக்கம் உள்ளவர்களும், கடைசியில் தூய நீரில் அலசுவதை விட்டுவிடக் கூடாது. சோப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டவே வேண்டாம். காய்கனிகள் அவற்றை உறிஞ்சிக்கொள்ளக்கூடும். கழுவும் நீரே ஐயத்துக்குரியதாக இருந்தால், பச்சையாக உண்பவற்றைக் கொதித்து ஆறிய நீரில் கழுவுவது பாதுகாப்பு.

கொதிக்க வைத்த நீர் விட்ட குடுவைகள் கெடவில்லை. கழுவுதல் கிருமியைக் குறைக்கும், முற்றிலும் போக்கிவிடாது. நெருப்பே அதைக் கொல்லும். 2011ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஈகோலை என்ற பாக்டீரியாவின் கொடிய வகை ஒன்று பரவி, 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர், ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். முதலில் வெள்ளரிக்காய்மீது பழி விழுந்தது. கடைசியில், பச்சையாக உண்ட முளைகட்டிய வெந்தயமே காரணம் என்று கண்டறிந்தனர். விதையிலேயே ஒட்டிவந்த கிருமி, முளைகட்டும் ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் பெருகிவிடுகிறது. எவ்வளவு கழுவினாலும் முழுவதும் நீங்காது. ஆகவே, சிறுபிள்ளைகளுக்கும் முதியோருக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் நோயுற்றோருக்கும் முளைப்பயறை வேகவைத்துக் கொடுப்பதே நல்லது.

நல்ல பழத்தின் உட்சாறு விட்ட குடுவைகளும் கெடவில்லை. காயம் படாத தோல் பழத்துக்குக் காவல். அந்தத் தோல் கிழிந்தால், அல்லது கழுவாத பழத்தைக் கத்தியால் அறுத்தால், மேலிருந்த கிருமி உள்ளே போகிறது. தர்ப்பூசணியின் தோலை நாம் உண்பதில்லைதான். ஆனாலும் அறுப்பதற்கு முன் அதையும் தேய்த்துக் கழுவ வேண்டும். அடிபட்டு அழுகிய பகுதியை நீக்கிவிட வேண்டும். நறுக்கிய பழத்தை வெயிலிலும் ஈ மொய்க்கவும் வைத்திருக்கக் கூடாது. இறைச்சி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காயை நறுக்கக் கூடாது.

எதையும் சேர்க்காத முதல் பத்துக் குடுவைகளும் ஒன்றைச் சொல்லுகின்றன. வெளியிலிருந்து எதுவும் புகாதவரை அவை தூய்மையாகவே இருந்தன. சமையலறைக்குள் எதையும் தொடுவதற்கு முன் நம் கைகள் கழுவப்பட வேண்டும் என்பதை அவற்றிலிருந்து கற்போம். உலக நலவாழ்வு நிறுவனம் 2001ஆம் ஆண்டு வகுத்தளித்த பாதுகாப்பான உணவுக்கான ஐந்து வழிகளும் இவற்றையே சொல்லுகின்றன: தூய்மை காத்தல், பச்சையானதையும் சமைத்ததையும் பிரித்து வைத்தல், நன்றாக வேகவைத்தல், உணவைத் தகுந்த வெப்பநிலையில் வைத்தல், பாதுகாப்பான நீரையும் பொருள்களையும் பயன்படுத்துதல்.

நம் பங்குத் திருவிழாக்களில் அசன விருந்து சமைக்கிறோம். நூற்றுக்கணக்கானோர் ஒரே பந்தியில் அமர்கின்றனர். முன்னிரவில் கூடிக் காய் நறுக்கும் தாய்மார்களையும் இளைஞர்களையும் யாரும் மேடையில் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கொத்துமல்லிக் கட்டைப் பிரித்து, வேர்மண்ணை நீக்கி, நீர் தெளியும்வரை அலசுகின்ற அந்தக் கைகளை நம்பித்தான் ஊரார் எல்லாரும் உண்கிறோம். வயிற்றுப்போக்கும் டைபாய்டும் இன்றும் நம் பிள்ளைகளைத் தாக்கும் நோய்களே. பாஸ்டருக்கு 1859இல் தெரியாதது நமக்குத் தெரியும். தெரிந்தும் சோம்பலால் கழுவாமல் விட்டுவிடுவோமானால், அதற்கு நாம்தான் பொறுப்பு.

ஆர்புவாவில் ழான் இறந்தபோது அவள் தந்தையால் செய்ய முடிந்தது அழுவது மட்டுமே. நம் வீட்டில் அப்படி ஒரு குழந்தை நோயுறாதிருக்க நம்மால் செய்ய முடிந்தது நிறைய உண்டு. இன்று மாலை கீரைக்கட்டை வாங்கி வந்ததும், முதலில் நம் கைகளைக் கழுவுவோம். பிறகு ஓடும் நீரில் ஒவ்வோர் இலையாக விரித்து அலசுவோம். அருகில் நிற்கும் பிள்ளைக்கும் அதைக் கற்றுக்கொடுப்போம்.